அரசு எங்கே ஒதுங்கியது?

சந்தைக்கே முதலிடம் தரும் கொள்கையை நவதாராளவாதம் என்பார்கள். ‘நவதாராளவாதம் என்றால் அரசு ஒதுங்கிக்கொண்டு மக்களை அவரவர் போக்கில் விடுவது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. செலவு என்றால் ஒதுங்கும். மனிதர்களின் மனப்போக்கை உருவாக்குவது என்றால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

பிரிட்டனைப் பாருங்கள். 1996 அக்டோபரில் அங்கே வேலையில்லாதோர் உதவித்தொகை போய், ‘வேலை தேடுவோர்’ உதவித்தொகை வந்தது. வெறும் பெயர் மாற்றம் இல்லை. என்னென்ன செய்து வேலை தேடுவேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பணம். பல உதவித்தொகைகளை ஒன்றாக்கி 2013இல் தொடங்கிய யுனிவர்சல் கிரெடிட் திட்டத்தில், முழுநேர வேலைக்குத் தகுதியானவர் பொதுவாக வாரத்துக்கு 35 மணி நேரம் தேட வேண்டும், தேடியதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். தவறினால் தொகை நிற்கும். 2012 முதல் 2019 வரை அப்படித் தொகையை நிறுத்திவைக்கும் உச்சபட்சக் காலம் 3 ஆண்டுகள்! ஆலை மூடியதால் வேலை போனவர்கூட, தன் பயோடேட்டாவில்தான் குறை என்று நம்பத் தொடங்குகிறார்.

இதில் ஒளிவுமறைவும் இல்லை. பொருளாதாரம் வழிமுறைதான், மனங்களை மாற்றுவதே நோக்கம் என்ற பொருளில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரே 1981இல் பேட்டி கொடுத்திருக்கிறார். அப்புறம் எப்படி ‘அவரவர் போக்கில்’?