மீட் ஐயரின் மூன்றாவது கல்யாணம்

நாகர்கோவில் கற்கோவிலுக்கு எப்போது போனாலும் வெள்ளைக்கார மிஷனரி சார்லஸ் மீட், அதாவது எங்கள் மீட் ஐயர் (போதகரை நாங்கள் ஐயர் என்போம்), பற்றிய பேச்சு வந்துவிடும். 1818-ல் லண்டன் மிஷனிலிருந்து வந்தார், மறுவருஷமே இந்தக் கோவிலுக்கு அடிக்கல் போட்டார்கள், ஊரில் அச்சுக்கூடம் வைத்தார், மனைவி யோஹன்னா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார் என்று பிரசங்கத்தில் கேட்டே வளர்ந்தோம். திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதிபாய் காலத்தில் கொஞ்ச காலம் நீதிபதியாகவும் இருந்தார். சாதி பார்த்தே நியாயம் சொன்ன நாட்டில் ஒரு போதகர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது சின்ன விஷயமில்லை. பிறகு நெய்யூருக்குப் போனார். அங்கே 1838-ல் டாக்டர் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணிதான் இன்றைய நெய்யூர் ஆஸ்பத்திரி.

இதெல்லாம் சொல்லும் நாம் அவருடைய மூன்றாவது கல்யாணத்தை மட்டும் ஏன் விழுங்கிவிடுகிறோம்?

முதல் மனைவி கப்பல் பயணத்திலேயே, பினாங்கில் இறந்துபோனார். யோஹன்னாவும் போன பிறகு, 1850-களின் தொடக்கத்தில் லோயிஸ் பிடல்ஃப் என்ற தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். அந்தக் குடும்பம் பறையர் சமூகத்திலிருந்து வந்தது. கூட ஊழியம் செய்த வெள்ளைக்கார மிஷனரிகளுக்கே அது பொறுக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த மிஷனைவிட்டு அவர் வெளியேற வேண்டி வந்தது. அதன்பின் திருவிதாங்கூர் அரசுப் பள்ளிக்கூடங்களுக்குக் கண்காணிப்பாளராக இருந்து, 1873-ல் காலமானார். கோவிலும் அச்சுக்கூடமும் அவர் உழைப்பைக் காட்டும். இந்தக் கல்யாணம் அவர் கொடுத்த விலையைக் காட்டுகிறது. எனக்கு இதுதான் பெரிது.

என் சித்தி மகள் வேறு சாதிப் பையனைக் கட்டியபோது (அவனும் கிறிஸ்தவன்தான், ஒரே பைபிள், ஒரே பாட்டுப் புத்தகம்) எங்கள் பக்கம் பாதிப்பேர் வரவில்லை. ஆலயத்தில் முன்வரிசை பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ஆசீர்வாதம் முடித்த ஐயர் நேராகப் பையன் வீட்டுக்கு வந்து, முற்றத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்துத்தான் சித்தப்பா இலை முன்னால் வந்து உட்கார்ந்தார். அந்த ஐயருக்கு அதற்குப்பிறகு சபையில் என்னென்ன தொல்லை வந்தது என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆகவே சபை நிர்வாகிகளுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். அடுத்த ஆலயப் பண்டிகையில் மீட் ஐயர் பெயரைச் சொல்லும்போது, யோஹன்னாவோடு லோயிஸ் அம்மாளின் பெயரையும் சத்தமாகச் சொல்லுங்கள்.