மோன்டெபுல்சானோ: ஊரும் திராட்சையும் ஒன்றல்ல

"இத்தாலிய ஒயினான வினோ நோபிலே டி மோன்டெபுல்சானோ, மோன்டெபுல்சானோ திராட்சையில் செய்யப்படுவது, அங்குள்ள அப்ரூஸோ வட்டாரத்தில் விலை குறைவாகக் கிடைப்பதும் அதே ஒயின்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, நம்பி வாங்குபவர் ஏமாந்துபோவார்.

வினோ நோபிலேவின் பெயரில் உள்ள மோன்டெபுல்சானோ, இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில் சியனா மாகாணத்தைச் சேர்ந்த ஒரு மலையூர். அந்த ஒயினில் குறைந்தது 70 விழுக்காடு சாஞ்சோவேசே திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி. அவ்வூரார் இத்திராட்சையைப் ப்ருன்யோலோ ஜென்டிலே என்று அழைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. கியாந்தி, புருனெல்லோ டி மொன்டால்சினோ ஆகிய டஸ்கனி ஒயின்களுக்கும் அடிப்படையான ரகம் இதுவே.

மோன்டெபுல்சானோ என்ற திராட்சையோ முற்றிலும் வேறு ரகம். தாமதமாகப் பழுக்கும் இது, அட்ரியாட்டிக் கடலோரத்து அப்ரூஸோவிலும் அதற்கு வடக்கே மார்க்கேயிலும் பெருமளவில் விளைகிறது. தோலில் நிறம் மிகுதி என்பதால் சாற்றோடு தோல் சிறிது நேரமே ஊறினாலும் செரிப்பழ நிறம் இறங்கிவிடும். செராசுவோலோ ட'அப்ரூஸோ என்ற செரிப்பழ நிற ஒயின் அப்படித்தான் உருவாகிறது. அழகான ஒயின் அது, வினோ நோபிலேவின் மலிவுப் பதிப்பு என்று அதைத் தாழ்த்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

புட்டியின் மேலுள்ள சீட்டைப் பாருங்கள்: "டி மோன்டெபுல்சானோ" என்றால் மோன்டெபுல்சானோ ஊரினது, "மோன்டெபுல்சானோ ட'அப்ரூஸோ" என்றால் அப்ரூஸோவில் விளைந்த மோன்டெபுல்சானோ திராட்சையினது.