கனம் கெயினில் இல்லை

'கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) முழுவதும் திருகி, ஆம்ப்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) பாஸையும் (தாழ்ந்த ஒலிகள்) ஏற்றிவிட்டால் மெட்டல் இசையில் கிட்டார் கனமாக ஒலிக்கும்' என்று சொல்வது தவறு. புதிதாகக் கிட்டார் இசையை ஒலிப்பதிவு செய்பவர்கள் இதை நம்பி மாதக்கணக்கில் தடுமாறுவதைப் பார்த்ததால் எழுதுகிறேன்.

கெயின் கூடக் கூட ஒலியின் ஏற்ற இறக்கம் நசுங்குகிறது. பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பியில் விழும் அந்தக் கூர்மை மழுங்கி, ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) வெறும் இரைச்சலாகிவிடுகிறது. ஒரே ரிஃப்பை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடமும் வலமும் வைக்கும்போது அந்த இரைச்சலும் பெருகும். தனியாகக் கேட்கையில் சற்றுக் குறைவாகத் தோன்றும் கெயின்தான் மிக்ஸில் (எல்லாக் கருவிகளும் கலந்த ஒலி) சரியாக அமர்கிறது.

ஆம்ப்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலை (காலால் இயக்கும் ஒலிமாற்றுக் கருவி) வைப்பவர்கள் டிரைவைப் (அதன் கரகரப்பு அளவு) பூஜ்யத்துக்கு அருகிலும் லெவலை (வெளிவரும் ஒலியின் அளவு) மிக உயரத்திலும் வைப்பதைக் கவனியுங்கள். டிஸ்டார்ஷனை, அதாவது கரகரப்பை, கூட்டுவதைவிட, ஆம்ப்புக்குள் போகும் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைப்பதே அங்கு முக்கியம். சுருதி இறக்கிய கிட்டாருக்கு இது பெரிய உதவி.

கிட்டாரின் கனம் என்று நாம் கேட்பதில் பெரும்பங்கு, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பாஸ் கிட்டாருடையது. கிட்டாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அந்த இடத்தை பாஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கொடுங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த மிக்ஸில் பாஸ் கிட்டாரை மட்டும் நிறுத்திக் கேளுங்கள். கிட்டார் எவ்வளவு மெலிந்துபோகிறது என்று தெரியும்.