ஆதார் இல்லாவிட்டால் திருமலை தரிசனம் கிடையாதா?

"ஆதார் அட்டை இல்லாத வெளிநாட்டவருக்குத் திருமலையில் தரிசனம் இல்லை" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்துக்கு ஆன்லைனில் பதியும்போது, அடையாள ஆவணத்துக்கான இடத்தில் பாஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுத்து எண்ணைக் கொடுக்கலாம். அதே பாஸ்போர்ட்டின் அசலைக் கையில் கொண்டுபோங்கள். ஓட்டல் அறையில் பூட்டிவைத்துவிட்டு நகலோடு போய் வரிசையில் நிற்காதீர்கள். டிக்கெட் மாதாமாதம் முன்கூட்டியே வெளியாகும், சட்டென்று தீர்ந்துவிடும். கிடைக்கவில்லையா, சரி, இலவச சர்வ தரிசனம் இருக்கிறது. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஆதார் இல்லாமலே வாங்கித் தருகிறேன்" என்று காசு கேட்கும் இடைத்தரகருக்குத்தான் இந்த வதந்தியால் லாபம். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.