தளபதிக்கு டிக் அடிச்சுக் கொடுத்தது யாரு?

2025 டிசம்பர் 16, அபுதாபியில ஐபிஎல் ஏலம். பிரசாந்த் வீரை நம்ம சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கி, சுத்தியல் விழுந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சாம்சனை வாங்கினதைப் பத்தி ஒரு மாசம் முன்னாடி நான் எழுதின பதிவைத் தோண்டி எடுத்து, அடியில மூணு சிரிப்பு பொம்மை போட்டு, "இப்பவாவது புரியுதாண்ணே மாஸ்டர் பிளான்?"னு கேட்டுட்டுப் போயிருக்கார் ஒருத்தர். கமெண்ட்லயே பதில் சொல்லலாம்னு உக்காந்தேன். நீண்டுடுச்சு. பதிவாவே போடறேன்.

புரியல தம்பி. சத்தியமா புரியல.

36 வயசு இடதுகை ஸ்பின் ஆல்ரவுண்டரைக் கொடுத்தோம். 20 வயசு இடதுகை ஸ்பின் ஆல்ரவுண்டரை 14 கோடியே 20 லட்சத்துக்கு வாங்கினோம். ராஜஸ்தான்ல ஜடேஜாவுக்கு 2026 சீசனுக்கு எவ்வளவு? 14 கோடி. அந்த 20 லட்சம் எதுக்குன்னு யாராவது விளக்கினா புண்ணியமாப் போகும். அந்தப் பையன் மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. 30 லட்சம் அடிப்படை விலைக்குப் பேர் கொடுத்தவன் வாழ்க்கை ஒரே சாயங்காலத்துல மாறியிருக்கு, அவங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கட்டும்.

ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். ஜடேஜாவைக் கொடுத்ததே தப்புன்னு நான் எங்கயும் எழுதல. சரி, ஒரு தடவை எழுதினேன், ராத்திரி ஒரு மணிக்கு. காலையில அழிச்சுட்டேன். ஸ்க்ரீன்ஷாட் வெச்சிருக்கறவங்க வெச்சுக்கோங்க. நான் அன்னிக்கும் கேட்டது, இன்னிக்கும் கேக்கறது ஒண்ணுதான். குடும்பம் குடும்பம்னு சொல்லித்தான எங்களுக்கு டிக்கெட் வித்தீங்க, ஜெர்சி வித்தீங்க? அப்ப அந்தக் குடும்பத்துல ஒருத்தரை அனுப்பறப்ப மட்டும் ஏன் கால்குலேட்டரை எடுக்கறீங்க? கணக்குதான்னா முதல்லேருந்தே கணக்குன்னு சொல்லுங்க. நாங்களும் கணக்குப் பார்த்தே விசில் அடிச்சிருப்போம்.

சாம்சன் தேவைதான். யார் இல்லேன்னா? தோனிக்கு 2025-லயே 44 வயசு. அடுத்த கீப்பர் வேணும். 2025-ல நம்ம டாப் ஆர்டர் ஆடின லட்சணத்தை நானும்தான் பார்த்தேன். 14 மேட்ச்ல 4 ஜெயிச்சு, வரலாற்றுலயே முதல் தடவையா கடைசி இடம். 2024-ல இந்தியாவுக்காக மூணு டி20 சதம் அடிச்ச ஆள் கிடைச்சா எந்த டீமும் வாங்கும். ஜடேஜா 2025 சீசன்ல 301 ரன், 10 விக்கெட்தான்னு சொல்றீங்க, அதுவும் சரி. எல்லாம் ஒத்துக்கறேன். போதுமா?

இப்ப என் கணக்கைக் கேளுங்க. ஜடேஜா 18 கோடி, சாம் கரன் 2 கோடியே 40 லட்சம், ரெண்டும் சேர்ந்து வெளிய போச்சு. சாம்சன் 18 கோடிக்கு உள்ள வந்தார். ஆக, ஏலத்துல செலவழிக்கற பர்ஸ்ல மிச்சம் 2 கோடியே 40 லட்சம். அதுக்கப்புறம் ஜடேஜா இடத்துக்கு ஆள் இல்லேன்னு ஏலத்துல போய் 14 கோடியே 20 லட்சம். இந்த லட்சணத்துல நம்ம வேகப்பந்து வீச்சாளர் பதிரானாவை வேற கழட்டிவிட்டோம். அவரை கொல்கத்தா அதே ஏலத்துல 18 கோடிக்குத் தூக்கிட்டுப் போச்சு. இதுக்குப் பேர் மாஸ்டர் பிளானா? எங்க அம்மா பழைய குக்கரை எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தா புதுசுக்கு வெயிட் இல்லேன்னு திரும்ப கடைக்கு ஓடினாங்க ஒரு தடவை. அதை நாங்க யாரும் மாஸ்டர் பிளான்னு சொல்லல.

சரி, பாஸ்டன் தம்பிக்கு வருவோம். என் பழைய பதிவுகளைப் படிக்கறவங்களுக்கு அவனைத் தெரியும். சித்தி பையன், அங்கயே செட்டில், பேஸ்பால் பைத்தியம். ட்ரேட் நடந்த அன்னிக்கே குடும்ப வாட்ஸப் குரூப்ல எனக்கு வகுப்பு எடுத்தான். "அண்ணா, நீ இன்னும் சென்டிமென்ட்லயே இருக்க. அமெரிக்காவுல ஃப்ரண்ட் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு, ஆட்டக்காரங்களை வாங்கி விக்கற டீம் நிர்வாகம். வீரனை ஒரு வருஷம் லேட்டா விக்கறதைவிட ஒரு வருஷம் முன்னாடியே வித்துடணும், இது பேஸ்பால்ல நூறு வருஷப் பாடம்." எங்க ஏரியாவுல ஃப்ரண்ட் ஆபீஸ்னா கிளினிக்ல டோக்கன் கொடுக்கற ஜன்னல்டா தம்பின்னேன். சிரிக்கல.

ஆனா பேஸ்பால்னு நீ ஆரம்பிச்சது தப்பு கண்ணா. ஏன்னா 2018 அக்டோபர்ல ஆன்சைட் வந்தப்ப நான் உன் வீட்டு ஹால்லதான் இருந்தேன். பேஸ்பால் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் அஞ்சாவது ஆட்டம், உங்க பாஸ்டன் டீம் ரெட் சாக்ஸ் 5-1. கடைசி இன்னிங்ஸ்க்குப் பந்து வீச கிறிஸ் சேல் வந்தான். எலும்பும் தோலுமா நெட்டையா ஒரு ஆள், இடதுகை, சாட்டையைச் சுழட்டற மாதிரி ஒரு ஆக்‌ஷன். எனக்கு ஆட்டத்துல பாதி புரியல. ஆனா வரிசையா மூணு பேரையும் பந்தைத் தொட விடாம ஸ்ட்ரைக் அவுட் பண்ணினதும், கடைசி பந்துக்கு எதிரணி மச்சாடோ மட்டையை வீசி முட்டி போட்டு உக்காந்ததும் இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குது. நீ சோபா மேல ஏறி நின்னு அழுத. உன் பொண்டாட்டி பக்கத்து வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிடப் போறான்னு பயந்தா.

அந்த சேலை என்ன பண்ணாங்க? முழங்கை ஆபரேஷன் ஆச்சு, விலா எலும்பு போச்சு, பந்து பட்டு விரல் உடைஞ்சுது, சைக்கிள்லேருந்து விழுந்து மணிக்கட்டு போச்சு. 2022-ல அவன் பந்து வீசினதே ரெண்டு ஆட்டம்தான். சரி, இவன் முடிஞ்சான்னு உங்க ஃப்ரண்ட் ஆபீஸ் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி அட்லாண்டாவுக்கு அனுப்பிடுச்சு. பதிலுக்கு வாங்கினது வான் கிரிஸம்னு ஒரு சின்னப் பையனை. அது போதாதுன்னு சேலோட சம்பளத்துக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் கையிலேருந்து கொடுத்து அனுப்பினாங்க. பொண்ணையும் கொடுத்து சீரும் கொடுத்த கதை.

அடுத்த வருஷமே அந்த "முடிஞ்சு போன" ஆள் அட்லாண்டாவுல 18 ஆட்டம் ஜெயிச்சு 3-தான் தோத்தான், 225 ஸ்ட்ரைக் அவுட், சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருது. அத்தனை வருஷ கேரியர்ல அவனுக்கு அதுதான் முதல் சை யங். நீங்க வாங்கின கிரிஸம் பையன் அந்த வருஷம் ஆடினது 31 ஆட்டம். அன்னிக்கு நீ எனக்கு அனுப்பின மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்கு. "முட்டாப் பசங்க"ன்னு ஆரம்பிக்கும். மீதியை இங்க போட முடியாது, சித்தி இந்தப் பக்கம் படிக்கறாங்க.

அதே ஃப்ரண்ட் ஆபீஸ்தான் 2024 டிசம்பர்ல கேரட் குரோஷேன்னு ஒரு பந்து வீச்சாளரைக் கொண்டு வந்துச்சு, அவன் 2025-ல 255 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தான்னு ஓடி வருவ. வா. அது வேற கதை. இப்ப சேல் கதையைத்தான் பேசறோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். 2018-ல கடைசிப் பந்தை வீசினவன் சேல். 2023 ஐபிஎல் இறுதிப் போட்டியில கடைசிப் பந்தை அடிச்சவர் ஜடேஜா. அகமதாபாத், மழை, மணி ஒண்ணரை. கடைசி ஓவர், குஜராத்தோட மோஹித் சர்மா முதல் நாலு பந்துல 3 ரன்தான் விட்டார். ரெண்டு பந்துல 10 வேணும். ஒரு சிக்ஸ், ஃபைன் லெக் பக்கம் ஒரு ஃபோர். தோனி தூக்கிட்டார். தோனி மனுஷங்களைத் தூக்கிக் கொண்டாடறவரா? அன்னிக்குத் தூக்கினார். அந்த ஃபோட்டோவை எத்தனை கோடி தடவை வித்தீங்க?

2024 ஏப்ரல்ல கொல்கத்தா மேட்ச் முடிஞ்சு பரிசு வாங்கறப்ப, பட்டமெல்லாம் இன்னும் வெரிஃபை ஆகலைன்னு ஜடேஜா ஜோக் அடிச்சார். உடனே நம்ம டீம் பக்கத்துலேருந்தே "கிரிக்கெட் தளபதி", வெரிஃபைடுன்னு டிக் போட்டுக் கொடுத்தாங்க. ஒன்றரை வருஷம். அந்த டிக் இப்ப யார் கணக்குல இருக்கு?

"ரசிகர்கள் மட்டும் யோக்கியமா?"ன்னு ஒரு தங்கச்சி கேட்டிருக்கு. நியாயமான கேள்வி, அதுக்கு மட்டும் தலைகுனிஞ்சு பதில் சொல்றேன். 2023-ல சேப்பாக்கத்துல ஒரு மேட்ச், நானும் என் பையனும் போயிருந்தோம். ஜடேஜா ஆடிட்டு இருக்கார். என்னைச் சுத்தி இருந்தவங்க பூரா "அவுட் ஆகு, அவுட் ஆகு"ன்னு வேண்டிக்கிட்டு இருந்தாங்க, தோனி வரணுமே. அவுட் ஆனதும் நம்ம ஊர் மைதானத்துல, நம்ம ஆள் விக்கெட்டுக்கு, காது கிழியற சத்தம். நானும் கத்தினேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஜடேஜா மட்டையை அக்குள்ல வெச்சுக்கிட்டு, கையுறையைக் கழட்டிக்கிட்டே, யாரையும் பார்க்காம நடந்து போனார். நான் சீக்கிரம் இறங்கினா நான் அவுட் ஆகணும்னு இவங்க காத்திருப்பாங்கன்னு அந்த சீசன்லயே அவர் வாய்விட்டுச் சொன்னார். நாங்க அதையும் ஜோக்னு நினைச்சு சிரிச்சோம். அதே கொல்கத்தா மேட்ச்ல அவர் முதல்ல இறங்கற மாதிரி வெளிய வந்து, கூட்டம் ஏமாந்ததும் சிரிச்சுட்டே திரும்பிப் போய் தோனியை அனுப்பினாரே, ஞாபகம் இருக்கா? அந்த அளவுக்கு எங்களைப் புரிஞ்சு வெச்சிருந்த ஆள்.

அப்புறம், "ஜடேஜாவே சம்மதிச்சுதான் போனார்" கோஷ்டி. இதுக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்குது.

2010-ல இதே ராஜஸ்தான்ல இருந்தப்ப வேற டீமோட தானே பேரம் பேசினார்னு அவரை ஒரு வருஷம் ஐபிஎல்லயே ஆட விடல. ஆட்டக்காரன் தன் விலையைத் தானே பேசினா குத்தம். ரெண்டு வருஷம் கழிச்சு 2012-ல அவருக்காக சென்னையும் ஹைதராபாத்தோட டெக்கான் டீமும் 20 லட்சம் டாலர்ல முட்டிக்கிட்டு நின்னு, கடைசியில ரகசியச் சீட்டுல தொகை எழுதிக் கொடுத்து நாம ஜெயிச்சோம். அது சாமர்த்தியம். 2022-ல சீசன் தொடங்க ரெண்டு நாள் முன்னாடி கேப்டன்னாங்க, எட்டு மேட்ச்ல இறக்கினாங்க. அதுவும் சம்மதம்தான். இப்ப போனதும் சம்மதம்தான். கஷ்டமான முடிவுன்னு நம்ம டீம் நிர்வாகம் பக்கத்துலேருந்து காசி விஸ்வநாதன் சார் சொன்னதை நான் நம்பறேன், அவருக்கும் வலிச்சிருக்கும். ஆனா சம்மதம்ங்கற வார்த்தை இருக்கே.

நானும் சம்மதிச்சுதான் வந்தேன் சார்.

11 வருஷம் ஒரே கம்பெனி. பேர் வேணாம். எங்க தாத்தா செத்தப்பகூட லேப்டாப்பை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போய், பந்தலுக்குப் பின்னாடி மாட்டுத் தொழுவத்துல உக்காந்து மாசக் கடைசி வேலையை ஓட்டிக் கொடுத்தவன் நான். வருஷா வருஷம் ஃபேமிலி டே வைப்பாங்க, மேடையில ஏத்தி "இவர் நம்ம குடும்பத்தோட தூண்"னு சொல்லுவாங்க. ஒரு வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. மேசை மேல தண்ணி பாட்டில், டிஷ்யூ பெட்டி, ராஜினாமா கடிதம். கடிதம் அவங்களே டைப் பண்ணி வெச்சிருந்தாங்க. "சொந்தக் காரணங்களுக்காக"ன்னு இருந்துச்சு. டிஷ்யூ பெட்டியைப் புதுசா பிரிச்சு வெச்சிருந்தாங்க. அதைத்தான் என்னால இன்னிக்கும் மறக்க முடியல. யோசிச்சு வெச்சிருக்காங்க பாருங்க.

கையெழுத்து போட்டேன். வேற என்ன பண்றது, பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம். வெளிய வந்து எல்லார்கிட்டயும் நானேதான் விட்டேன்னு சொன்னேன். அதனால ஒருத்தர் கேமரா முன்னாடி சிரிச்சுக்கிட்டு "என் முடிவுதான்"னு சொன்னா, எனக்கு அந்த டிஷ்யூ பெட்டிதான் தெரியும்.

என் சீட்டுக்கு ஒரு சின்னப் பையன் வந்தான், எனக்குக் கொடுத்ததைவிட அதிக சம்பளத்துல. நல்ல பையன். ஆறு மாசம் வரைக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணுவான். "அண்ணா, மன்னிச்சுக்கோங்க, அந்த மாசக் கடைசி ரிப்போர்ட் எங்கேருந்து ஓடும்?" சொல்லிக் கொடுப்பேன். அவன் என்ன தப்பு பண்ணான்?

கோடிக்கணக்குல சம்பாதிக்கற ஆட்டக்காரரோட உன்னைச் சேர்த்துப் பேசறியே வெக்கமா இல்லையான்னு கேப்பீங்க. கேளுங்க. 14 கோடி வாங்கறவருக்கு மனசு வலிக்காதுன்னு உங்களுக்கு யார் சொன்னது? ரெய்னா 2022 ஏலத்துல 2 கோடிக்குக்கூட விலை போகாம நின்னாரே, அன்னிக்கு நம்ம மேசையிலயும் ஒரு கை எழும்பல. சின்ன தல. அப்பவும் இதே கோஷ்டி கணக்குதான் சொல்லிச்சு.

இதையெல்லாம் டைப் பண்ணிட்டு இருக்கறப்ப பையன் வந்து பக்கத்துல நின்னான். உன் ஜடேஜா ஜெர்சி எங்கடான்னு கேட்டேன், எட்டாம் நம்பர், 2023 ஜெயிச்ச வாரம் வாங்கினது. பீரோவுக்குள்ள கையை விட்டுத் தேடி எடுத்துட்டு வந்து மார்புல வெச்சுக் காட்டினான். தொப்புளுக்கு மேல நிக்குது.

"சின்னதாயிடுச்சுப்பா. சாம்சன் போட்டது வாங்கித் தர்றியா?"

என்ன சைஸ்னு கேட்டேன்.