தலைப்பை மாணவர்களே எழுதட்டும்

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கான தலைப்பைத் துறையே பட்டியலிட்டுக் கொடுக்க வேண்டுமா, மாணவர்களே முன்மொழிய வேண்டுமா என்ற விவாதம் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் எழுகிறது. பொறியியல் மாணவர்களின் முன்மொழிவுகளை மதிப்பிடும் குழுவில் இருந்து வருபவன் என்ற முறையில், மாணவர்களே முன்மொழிய வேண்டும் என்ற பக்கம்தான் நான் நிற்கிறேன். முதல் மூன்று ஆண்டுகளில் அவர்கள் தீர்க்கும் கணக்குகள் அனைத்திலும் தேவையான தரவுகள் முன்பே கொடுக்கப்பட்டிருக்கும். விடையும் ஒன்று இருந்தே தீரும். வேலைக்குப் போன பிறகு அப்படி யாரும் கேள்வியை வகுத்துக் கொடுப்பதில்லை. எது பிரச்சினை, யாருக்குப் பிரச்சினை, எவ்வளவு தீர்த்தால் போதும் என்று எழுதிப் பார்க்கும் வாய்ப்பு, பட்டப்படிப்பு முழுவதிலும் பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான் கிடைக்கிறது. அதையும் ஆசிரியர்களே எழுதிக் கொடுத்துவிட்டால் மாணவருக்கு மிஞ்சுவது செய்து முடிக்கும் வேலை மட்டுமே.

மாணவர் முன்மொழிவுகள் பலவும் பலவீனமானவை என்பதை நான் மறுக்கவில்லை. பார்வையற்றோருக்கான 'ஸ்மார்ட்' கைத்தடி என்ற தலைப்பு ஏதோ ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. ஓர் அணி கொண்டுவந்த வரைபடத்தில், மலிவாகக் கிடைக்கும் மீயொலி உணரி (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கொண்டு தடையை அறியும் கருவி) ஒன்று தடியின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்டிருந்தது. தரையில் உள்ள தடையைக் கண்டதும் ஒலி எழுப்பும் என்றார்கள். தடியைப் பயன்படுத்தும் ஒருவரிடமாவது பேசினீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பேசிவிட்டு வரும்படி அனுப்பினோம். திரும்பி வந்தபோது முன்மொழிவே மாறியிருந்தது. தரையில் இருப்பதைச் சாதாரண வெள்ளைத்தடியே நன்றாக உணர்த்திவிடுகிறது, மார்புக்கும் தலைக்கும் நேராக நீட்டிக்கொண்டிருக்கும் கிளையும் திறந்த ஜன்னல் கதவும்தான் அடிபட வைக்கின்றன, ஓயாத ஒலி காதை மறைத்துவிடும் என்பதால் அதிர்வே போதும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். சாய்ந்த பரப்பில் பட்ட மீயொலி வேறு பக்கம் சிதறிவிடும், மென்மையான துணி அதை உறிஞ்சிக்கொள்ளும் என்ற வரம்புகளையும் தாங்களே சோதித்துப் பார்த்துக் குறித்திருந்தார்கள். அந்த இரண்டு பக்கங்களை எழுதுவதற்குள் அவர்கள் கற்றதை எந்தத் தலைப்புப் பட்டியலும் கற்றுக் கொடுத்திருக்காது.

வெளியிலிருந்து வரும் தலைப்பே நல்ல வேலையைத் தரும் என்பவர்கள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தின் திட்டப்பணியாகத் தொடங்கிய 'எம்பிரேஸ்' கருவியைக் கவனிக்க வேண்டும். அந்த அணியிடம் கேட்கப்பட்டது விலை குறைந்த இன்குபேட்டர். நேபாளம் சென்று பார்த்தபோது, மருத்துவமனைகளை எட்ட முடியாத கிராமங்களில் பிறக்கும் குறைப்பிரசவக் குழந்தைகளுக்கே உதவி தேவை என்பதை அவர்கள் கண்டார்கள். அதனால் கேள்வியையே மாற்றி, உருகி உறையும் மெழுகு போன்ற பொருளைக் கொண்டு 37 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பத்தைத் தக்கவைக்கும் உறைப்பையை வடிவமைத்தார்கள். கொடுத்த தலைப்பை அப்படியே நிறைவேற்றியிருந்தால் விலை குறைந்த ஒரு பெட்டிதான் கிடைத்திருக்கும்.

நிறுவனங்கள் தரும் திட்டப்பணிகளின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி 1963 முதலே பொறியியல் 'கிளினிக்' என்ற பெயரில் இம்முறையை நடத்தி வருகிறது. பொருளுக்காகக் காத்திருக்கும் உண்மையான வாடிக்கையாளர், உதிரிபாகங்களுக்குப் பணம், வாரந்தோறும் கேள்வி கேட்கும் பொறியாளர் என்று அதில் கிடைப்பவை சாதாரணமானவை அல்ல. ஆனால் கண்டுபிடிப்பின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்கே போய்விடுகிறது. மாணவர் முன்மொழியும் பணியில் அது யாருக்கு என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தெளிவாக்கிவிடலாம். நிறுவனத் திட்டத்தின் மிகப் பெரிய பலமான காத்திருக்கும் மனிதரை மாணவர் முன்மொழிவிலும் கட்டாயமாக்க முடியும். அணிக்கு வெளியே இருக்கும், பொருளைப் பயன்படுத்தப் போகும் ஒருவரை நேரில் சந்தித்த குறிப்பு இல்லாமல் எந்த முன்மொழிவையும் பரிசீலிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நிராகரிக்கும் காரணங்களையும் நாம் திருத்திக்கொள்ள வேண்டும். "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லி ஒதுக்குவது இளநிலை மாணவருக்கு இழைக்கும் அநீதி. அவர்களிடம் எதிர்பார்ப்பது முனைவர் பட்டத்துக்குரிய புதுமை அன்று, பொறுப்பான வடிவமைப்பு. ஏபெட் என்ற தரச்சான்று அமைப்பும் இறுதி வடிவமைப்புப் பணியில் பொறியியல் தரநெறிகளும் பலவகைக் கட்டுப்பாடுகளும் இடம்பெற வேண்டும் என்றுதான் கேட்கிறது. அளவுக்கு மீறிய முன்மொழிவு வந்தால் அதைத் தூக்கியெறியாமல், ஓராண்டில் முடியும் பகுதியைப் பிரித்தெடுக்க உதவுவதுதான் வழிகாட்டியின் வேலை. தனக்குப் பழக்கமில்லாத துறை என்று தயங்கும் வழிகாட்டிக்கு வேறு துறையிலிருந்து இணை வழிகாட்டி ஒருவரைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

இவை அனைத்துக்கும் நேரம் வேண்டும். இறுதியாண்டு தொடங்கிய பிறகு இரண்டு வாரக் கெடு வைத்துத் தலைப்புக் கேட்டால், மாணவர்கள் இணையத்தில் கிடைப்பதைத்தான் எடுத்து வருவார்கள். மூன்றாம் ஆண்டின் இரண்டாம் பருவத்திலேயே முன்மொழிவுப் பணி தொடங்க வேண்டும்; திருத்தி எழுதிய முன்மொழிவுக்கும் மதிப்பெண் இருக்க வேண்டும். துறையின் பட்டியல் அப்போதும் இருக்கட்டும். சொந்தமாகத் தலைப்பு அமையாத அணிகள் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யாருக்காக, எந்த வரம்புக்குள் செய்யப் போகிறோம் என்ற பகுதியை அவர்களும் தாங்களே எழுத வேண்டும்.