கிலோமீட்டரில் அளந்தால் மலையூர் பக்கத்தில்தான் இருக்கிறது

நீலகிரியில் ஒரு ஊரைப் பற்றி எழுதும்போது "பேருந்து நிறுத்தத்திலிருந்து 400 மீட்டர்" என்று எழுதுவார்கள். படிப்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சமவெளியில் 400 மீட்டர் என்பது ஐந்து நிமிட நடை. இங்கே அந்த 400 மீட்டருக்குள் 100 மீட்டர் இறக்கம் இருந்தால் கணக்கே வேறு. ஒரு படி ஆறு அங்குலம் என்று வையுங்கள், அறுநூற்று ஐம்பது படிக்கு மேல் வரும். லிஃப்ட் இல்லாத முப்பது மாடிக் கட்டடம். அதன் அடித்தளத்தில் வீடு, மொட்டை மாடியில் பஸ் ஸ்டாப்.

மலையூர் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் எல்லாரும் தூரத்தைப் பேசுகிறார்கள், குளிரைப் பேசுகிறார்கள், தேயிலை விலையைப் பேசுகிறார்கள். சரிவைப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் இங்கே வீடு, தண்ணீர், கக்கூஸ், ஆஸ்பத்திரி, கூலி, முதுமை எல்லாவற்றையும் தீர்மானிப்பது சரிவுதான்.

அரசுக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. குடிநீருக்கு ஒரு பழைய விதி இருந்தது. சமவெளியில் 1.6 கிலோமீட்டருக்குள் தண்ணீர் இல்லையென்றால் அது தண்ணீர் இல்லாத ஊர். மலையில் 100 மீட்டர் ஏற்ற இறக்கத்துக்குள் இல்லையென்றால் தண்ணீர் இல்லாத ஊர். அந்த விதியை எழுதியவர் யாரோ, குடத்தோடு மலையேறிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையத்துக்கு 5,000, 3,000. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் 500 பேர் உள்ள குடியிருப்புக்குச் சாலை, மலை மாநிலங்களில் 250 பேர் போதும். சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் இவை தலையை எண்ணுகின்றன, படியை எண்ணுவதில்லை. சரிவை அளந்த விதி என்று எனக்குத் தெரிந்தவரை அந்தப் பழைய குடிநீர் விதி ஒன்றுதான்.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்தையே பாருங்கள். 2021 மே மாதம் வந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும் என்று ஆணை. மலையில் அந்த வகைப் பேருந்தே கிடையாது. 2024இல்தான் மலைப் பகுதிக்கும் நீட்டித்தார்கள். நடுவில் போன காலம் முழுக்க, கூலி வேலைக்குப் போகிற மலைப் பெண்கள் டிக்கெட் எடுத்துத்தான் போனார்கள். யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. திட்டம் எழுதிய மேஜை சமவெளியில் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது வீட்டுக்கு வருவோம்.

நீலகிரியில் வாழும் படகர்களின் பழைய ஹட்டிகளை, அதாவது ஊர்களை, கவனித்தவர்களுக்குத் தெரியும். குன்றின் தோளில், ஓரளவு சமமான இடத்தில், ஒரே வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். முன்னால் திறந்த வெளி, நிலமெல்லாம் கீழே, தண்ணீர் இன்னும் கீழே. மண்ணை வெட்டாமல் வீடு கட்டும் முறை அது. ஒட்டிக் கட்டுவதால் குளிரும் குறையும். பிறகு குடும்பம் பிரிந்தது, சிமெண்ட் வந்தது, ஜேசிபி வந்தது. இப்போது சரிவில் பத்து, பதினைந்து அடிக்குச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணையே முன்னால் கொட்டி நிரவி, அந்த மேடையில் வீடு எழும்புகிறது. பின்பாதி வெட்டிய கெட்டி நிலத்தில், முன்பாதி கொட்டிய மண்ணில். இரண்டு மழைக்காலத்தில் கொட்டிய மண் அமுங்கும், கெட்டி நிலம் அமுங்காது. அப்போது வீட்டின் நடுவே, தரையில் தொடங்கிச் சுவர் ஏறி, ஒரே கோட்டில் விரிசல் விடும். மேஸ்திரியைத் திட்டுவார்கள். சிமெண்டில் கோளாறு இருக்காது, அஸ்திவாரம் இரண்டு வகை மண்ணில் நிற்கிறது. எல்லா அஸ்திவாரமும் வெட்டிய நிலத்தைத் தொட வேண்டும். கொட்டிய மண்ணில் செடி வையுங்கள், அறை வைக்காதீர்கள்.

அடுத்தது தடுப்புச் சுவர். மலையில் பணம் அதிகம் வீணாவது இதில்தான். சுவர் இடிந்தால் "மண் தள்ளிடுச்சு" என்கிறோம். பெரும்பாலும் தள்ளுவது மண் அல்ல, மண்ணுக்குள் தேங்கிய தண்ணீர். அழகாக இருக்கட்டும் என்று கல்லுக்கு இடையே இடைவெளி இல்லாமல் சிமெண்ட் பூசி, ஓட்டையே விடாமல் கட்டிய சுவர் ஒரு அணை மாதிரி. ஆனால் அணைக்கான கனம் அதற்கு இல்லை. செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூன்று அல்லது நான்கு அங்குல பிவிசி குழாயை நாலைந்து அடிக்கு ஒன்றாக, மேல் வரிசையும் கீழ் வரிசையும் மாறி மாறி வருகிற மாதிரி, வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு மண் போடாமல் உடைகல்லும் ஜல்லியும் போட வேண்டும். அடியகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது, பத்தடிச் சுவருக்கு அஞ்சடி அடி. பலர் ஓட்டை மட்டும் வைத்துவிட்டுப் பின்னால் வெட்டிய செம்மண்ணையே நிரப்புகிறார்கள். ஒரே மழையில் மண் குழாயை அடைத்துவிடும். அப்புறம் ஓட்டை இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். மழை கொட்டும்போது எல்லா ஓட்டையும் காய்ந்து கிடந்தால் நிம்மதி அடையாதீர்கள். கவலைப்பட வேண்டிய நேரம் அது.

கூரைத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலைஞர் கனவு இல்லத் திட்ட வீட்டின் அளவு 360 சதுர அடி. அந்தக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 3,300 லிட்டர். 10 சென்டிமீட்டர் இங்கே அதிசயம் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டு ஓடை வரை கொண்டுபோகாமல் முற்றத்தில் விட்டால், அது கீழ்வீட்டுக்காரரின் பின்சுவரில் போய் நிற்கும். மலையில் உங்கள் முற்றம் அடுத்தவர் கூரைக்கு மேலே இருக்கிறது. இதை மறந்தால் அக்கம்பக்க உறவும் இல்லை, வீடும் இல்லை. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன மண்சரிவுகளுக்குப் பிறகும் வடிகாலை ஏதோ கூடுதல் வேலை என்றே எஸ்டிமேட்டில் நினைக்கிறோம்.

கக்கூஸ் குழிக்கும் இதே கதிதான். இரட்டைக் குழிக் கழிப்பறை நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததுக்கு மாற்றிவிட்டு, முதல் குழியை ஒன்றரை, இரண்டு வருஷம் ஆறப்போட்டால் உரமாகிவிடும். ஆனால் குழி உறிஞ்சும் தண்ணீர் சரிவில் பக்கவாட்டில்தான் நடக்கும். வெட்டிய மண்சுவரின் விளிம்புக்கு ஆறடியில் குழி தோண்டினால், வருஷம் முழுக்க அந்த விளிம்பை நீங்களே நனைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஊற்றுக்கு மேலே தோண்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

குடிநீருக்கு மலையில் ஒரு வரம் உண்டு: மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம், மேலே ஊற்று இருந்தால் தண்ணீர் தானே இறங்கி வரும். ஜல் ஜீவன் கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு 275, பதினைந்து லிட்டர் குடத்தில் பதினெட்டு நடைக்கு மேல். குழாய் நின்றுபோன நாளில் அந்தப் பதினெட்டு நடையும் ஒரு பெண்ணின் இடுப்பில் ஏறும். அதனால் குழாய் ஏன் நிற்கிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஃபிட்டருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கிலோ அழுத்தம். '6 கிலோ பைப்' என்று கடையில் கொடுப்பது அறுபது மீட்டர் இறக்கம் வரைதான் தாங்கும். நூறு மீட்டர் கீழே இருக்கிற ஊருக்கு அதையே ஒரே ஓட்டமாகப் போட்டால், இரவில் எல்லாரும் குழாயை மூடியதும் அடிப்பகுதியில் வெடிக்கும். பகலில் ஓடும்போது வெடிக்காது. அதனால்தான் காலையில் பார்த்துவிட்டு "யாரோ வெட்டிட்டாங்க" என்று சண்டை வருகிறது. நடுவழியில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, தண்ணீர் அதில் விழுந்து மறுபடி இறங்குகிற மாதிரி விட்டால் அழுத்தம் அங்கே செத்துவிடும். ஐம்பது மீட்டர் இறக்கத்துக்கு ஒரு தொட்டி என்று வைத்தால் பயமில்லை.

இன்னொன்று, ஊற்றில் தண்ணீர் இருக்கும், தொட்டி நிரம்பி வழியும், ஊரில் குழாய் சொட்டாது. "காத்து அடைச்சுக்கிச்சு" என்பார்கள். உண்மைதான். பைப் ஒரு மேட்டில் ஏறி இறங்குகிற இடத்தில் காற்று மாட்டிக்கொள்ளும். அந்த மேட்டின் உச்சியில் ஒரு டீ (T வடிவ பைப் இணைப்பு) வைத்து, சின்னக் குழாய் ஒன்றைப் பொருத்தி, தண்ணீர் திறந்துவிட்ட பிறகு காற்று சீறி அடங்கும்வரை திறந்து வைத்தால் தீர்ந்தது. பள்ளமான இடத்தில் இன்னொரு வால்வு, சேறு கழுவி விட. டிசம்பர், ஜனவரி உறைபனியில் வெளியே தெரியும் பைப்பில் தண்ணீர் உறைந்து பைப் பிளக்கும். ஒன்றரை அடி மண்ணுக்குள் போனால் பிளக்காது, காட்டெருமைக் காலிலும் மாட்டாது. புதைக்கக் கூலி கொடுக்க மனம் வராமல் தரையிலேயே ஓட்டிவிடுவதுதான் பாதிக் கோளாறுக்குக் காரணம்.

தேயிலைக் கூலியிலும் சரிவு உட்கார்ந்திருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நான்கு, நாலரை கிலோ கொழுந்து. பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கி வைத்தால் சூடேறிச் சிவந்துபோகும், விலை விழும். அதனால் எடை போடும் இடத்துக்குச் சீக்கிரம் போக வேண்டும். எடை போடும் இடமோ லாரி வரும் சாலையில், தோட்டம் கீழே. இருபத்தைந்து, முப்பது கிலோ மூட்டையோடு ஏறுவது பறிப்பு வேலையில் சேர்த்தி இல்லை, அதற்குத் தனிக் காசும் இல்லை. சிறு விவசாயிக்கு விலை குறையும்போது முதலில் நிற்பது கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது), அடுத்தது உரம், மூன்றாவது வடிகால் தூர் வாருவது. மூன்றாவதுதான் பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்துக் கீழே இழுக்கும்.

சமையல் கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். உள்ளே 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்து முப்பது கிலோ. வண்டி சாலையோடு நின்றுவிடும். தூக்கிவர ஆள் வைத்தால் தனிக் கூலி. விறகை விட்டு வரமாட்டேன் என்கிறார்கள் பாட்டிமார்கள் என்று கேலி பேசுகிறவர்கள் ஒருமுறை அந்தச் சிலிண்டரைத் தூக்கி இறங்கட்டும்.

108 வண்டியும் சாலையோடுதான். மீதி தூரம் ஊர் தூக்க வேண்டும். கம்பளியை மூங்கிலில் கட்டித் தூக்குவது வழக்கம். நாலு பேர் போதாது, ஏற்றத்தில் மாற்றி மாற்றித் தூக்க எட்டுப் பேராவது வேண்டும். ஏறும்போது நோயாளியின் தலை முன்னால், இறங்கும்போது கால் முன்னால். மூச்சுத் திணறல் உள்ளவரைப் படுக்க வைக்காமல், கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டித் தூக்குங்கள். படி வழுக்காமல் இருந்தால்தான் இதெல்லாம். நடைபாதை போடும் ஒப்பந்ததாரர் படி கட்டாமல் சரிவாக கான்கிரீட் போட்டு, கரண்டியால் மழமழவென்று தேய்த்துவிட்டுப் போவார். பார்க்க அழகு. ஒரு மழைக்காலம் போனால் பாசி, அப்புறம் பெரியவர்களின் இடுப்பெலும்பு. தென்னை விளக்குமாற்றால் ஈர கான்கிரீட்டில் குறுக்கே கோடு இழுத்தாலே போதும், செலவு ஒரு விளக்குமாறு. எல்லாப் படியும் ஒரே உயரம் வேண்டும். நடுவில் ஒரு படி மட்டும் இரண்டு அங்குலம் கூடினால் இருட்டில் விழுவது அந்த ஒன்றில்தான். அந்தி சாய்ந்தால் கரடியும் காட்டெருமையும் அதே பாதையில்தான் வரும் என்பதால் விளக்குக் கம்பம் திருப்பத்தில் வேண்டும். ஆபீசருக்குத் தெரிகிற தொடக்கத்தில் அல்ல.

இதையெல்லாம் இத்தனை காலம் தாங்கியது ஊர்க்கட்டுதான். ஹட்டியாக இருக்கட்டும், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் லைன் வீடாக (தொழிலாளர் வரிசை வீடு) இருக்கட்டும். திருவிழாவுக்கு முன்னால் வடிகால் தூர் வாருவது, சாவு வீட்டுக்குத் தோள் கொடுப்பது, ஊற்றுத் தொட்டியைக் கழுவுவது எல்லாம் கூலி இல்லாத வேலை. இப்போது அதற்கு ஆள் இல்லை. 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர், 2011இல் 7,35,394. தமிழ்நாடே கூடியபோது இங்கே குறைந்தது. பிள்ளைகள் கோவையிலும் திருப்பூரிலும். பூட்டிய வீடு தனக்குத் தானே கெடுவதில்லை, அதன் அடைபட்ட வடிகால் கீழே குடியிருப்பவரைக் கெடுக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் திருவிழா வசூலுக்குத் தவறாமல் பணம் அனுப்புகிறீர்கள். கோபுரத்துக்கு வர்ணம் அடித்தது போக மீதியில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓடையைத் தூர் வார ஆள் வைக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

வருஷந்தோறும் அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்னால் வரும் கூட்டம். தீர்மானத்தில் "சாலை வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது போய்ச் சேரும் கோப்பு எல்லாருக்கும் தெரியும். கூட்டத்துக்கு முந்தைய வாரமே இரண்டு பேர் நடந்து பாருங்கள். சாலையிலிருந்து கடைசி வீடு வரை எத்தனை படி, அதில் உடைந்தது எத்தனை, கைப்பிடி இல்லாத திருப்பம் எத்தனை, தண்ணீர் வடியாத தடுப்புச் சுவர் யார் யார் வீட்டுக்கு மேலே, பூட்டிய வீடு எத்தனை. ஊற்றுக்கும் கடைசிக் குழாய்க்கும் எத்தனை மீட்டர் இறக்கம் என்பதற்குப் போனில் உயரம் காட்டும் ஆப் போதும், அஞ்சு பத்து மீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. அந்த எண்களைத் தீர்மானத்தில் ஏற்றி, கையெழுத்து வாங்கி, நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படியை எண்ணும்போது ஏறிக்கொண்டே எண்ணாதீர்கள், மூச்சு வாங்கும், நடுவில் கணக்குத் தப்பும். இறங்கும்போது எண்ணுங்கள்.